ஈயத்தைக் கழற்றி வைத்த பிறகு: மாற்று டைவிங் எடைகளுடன் சில ஆண்டுகள்

ஸ்கூபா டைவிங்கில் மிதப்பை அடக்கி நீருக்குள் இறங்க இடுப்புப் பட்டையில் கட்டும் ஈயக்கட்டிக்கு மாற்று உண்டா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஒரு பொருளின் பெயரைத்தான். இரும்பா, கல்லா, பிஸ்மத்தா, சொல்லுங்கள், வாங்கிவிடுகிறோம் என்பார்கள். இவற்றில் பலவற்றைப் பட்டையில் கோத்தும் பையில் போட்டும் சில ஆண்டுகள் இறங்கி ஏறிய அனுபவத்தில் சொல்கிறேன்: பொருள் பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, அந்த எடை உடம்பில் எங்கே உட்காருகிறது, உண்மையில் எவ்வளவு தேவை என்பது. அதைத் தொடாமல் பொருளை மட்டும் மாற்றுபவர்கள் சில மாதங்களில் ஈயத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஈயத்தை ஏன் விடவேண்டும் என்பதில் மிகைப்படுத்தல் நிறைய இருப்பதால் அதை முதலில் தெளிவாக்கிவிடலாம். கடலடியில் விழுந்து அசையாமல் கிடக்கும் ஈயக்கட்டி சர்க்கரைபோலக் கரைந்துவிடுவதில்லை. அதன் மேல் எளிதில் கரையாத ஒரு சாம்பல்நிறப் படலம் படிந்து, உள்ளே இருக்கும் உலோகத்தை ஓரளவு காக்கிறது. சிக்கல் உராய்வில்தான் இருக்கிறது. ஈயம் நகத்தால் கீறக்கூடிய அளவுக்கு மெத்தென்ற உலோகம். படகுத் தளத்தில் இழுபடும்போதும், பாறையில் மோதும்போதும், பையில் ஒன்றோடொன்று தேயும்போதும் பொடி உதிர்கிறது. ஈயக்குண்டுகள் நிரப்பிய மென்பைகள் இதில் இன்னும் மோசம். நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் ஒவ்வொரு அசைவிலும் ஒன்றையொன்று அரைக்கின்றன. அப்படியொரு பையை வெள்ளை வாளித் தண்ணீரில் நான்கு முறை பிழிந்து பாருங்கள், தண்ணீரின் நிறமே சொல்லும்.

அந்தத் தண்ணீர் போகும் இடத்தையும் பார்க்கவேண்டும். டைவ் முடிந்ததும் எல்லோரும் சாமான்களை ஒரே தொட்டியில் அலசுகிறோம். எடைப் பை கிடந்த தண்ணீரிலேயே, சிலிண்டர் காற்றை மூச்சுவிடத் தரும் ரெகுலேட்டரும் முங்குகிறது. அதன் வாய்ப்பகுதியைத்தான் அடுத்த முறை பல்லில் கடிக்கிறோம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் நீச்சல் குளங்களில் இன்னமும் பூச்சில்லாத ஈயக்கட்டிகளைக் கையில் கொடுப்பது எனக்குப் புரியாத விஷயம்.

சட்டங்கள் டைவர்களைவிட மீன்பிடிப்பவர்களைத்தான் முதலில் தொட்டன. பிரிட்டன் 1987இல் சிறிய ஈயத் தூண்டில் எடைகளைத் தடைசெய்தது. அன்னப்பறவைகள் அவற்றை விழுங்கிச் சாவதுதான் காரணம். டென்மார்க் 2002இல் ஈயத் தூண்டில் சாமான்களின் இறக்குமதியையும் விற்பனையையும் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் ஈய உலோகத்தை மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. சதுப்புநிலங்களில் ஈயக்குண்டுகளால் சுடுவதற்கான தடை 2023இல் நடைமுறைக்கு வந்தது. கிலோக் கணக்கில் எடையுள்ள டைவிங் கட்டியைப் பறவை விழுங்காது என்பதாலோ என்னவோ, நம் பட்டைகளின் மேல் அந்த அளவுக்கு யார் கண்ணும் படவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். இதைப் போடாமல் வாங்கினால் பணம்தான் வீண்.

ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம். எஃகு 7.85. கிரானைட் 2.7. கடல்நீர் 1.025. எந்தப் பொருளும் தான் இடம்பிடித்த அளவு நீரின் எடையை இழக்கும் என்பதால், 1 கிலோ ஈயம் கடலுக்குள் 910 கிராமாக இழுக்கிறது. 1 கிலோ எஃகு 870 கிராமாக. 1 கிலோ கிரானைட் 620 கிராமாகத்தான். ஐந்து மில்லிமீட்டர் வெட்சூட்டும் (குளிர் தாங்க அணியும் ரப்பர் நுரை உடை) அலுமினிய சிலிண்டருமாக 6 கிலோ ஈயம் கட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அதே இழுவை வேண்டுமானால் எஃகில் 6.3 கிலோ போதும். வித்தியாசம் 300 கிராம், படிக்கட்டில் ஏறும்போதுகூடத் தெரியாது. கிரானைட்டில் 8.8 கிலோ வேண்டும். அதைவிட முக்கியம் பருமன்: ஈயம் அரை லிட்டருக்குச் சற்று மேல், எஃகு 0.8 லிட்டர், கிரானைட் மூன்றே கால் லிட்டர். மூன்றே கால் லிட்டர் கல்லை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒருவர் நீந்துவதை நினைத்துப் பாருங்கள்.

கல் பழைய யோசனைதான். முத்துக்குளித்தவர்களும் கடற்பஞ்சு எடுத்தவர்களும் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். ஆனால் அவர்களுக்குக் கல் இறங்குவதற்கு மட்டும் தேவைப்பட்டது. அடியில் விட்டுவிடுவார்கள், மேலிருந்து கயிற்றால் இழுத்துக்கொள்வார்கள். நமக்கு எடை முழு நேரமும் கூடவே இருந்து, கிடைமட்டமாக மிதக்கவும் உதவவேண்டும். அந்த வேலைக்குக் கல் பொருந்தாது. சிமெண்ட் கான்கிரீட் 2.4 அடர்த்தியோடு கல்லைவிடவும் பின்தங்கியது. புதிதாக வார்த்ததிலிருந்து காரம் கசியும், மூலைகள் உடையும். பேரைட், மேக்னடைட் போன்ற கனமான தாதுக்களைக் கலந்து கதிர்வீச்சுத் தடுப்புச் சுவர்களுக்கு வார்க்கும் கான்கிரீட் 3.5 அடர்த்தியைத் தாண்டும். அதிலும் அந்த 6 கிலோ ஈயத்துக்கு ஈடாக இரண்டு லிட்டருக்கு மேல் வரும்.

பயணத்தில் எடையே சுமக்காமல், போன இடத்தில் பையில் மணலை நிரப்பி, முடிந்ததும் கொட்டிவிடுகிற யோசனை கேட்க அழகாக இருக்கும். ஒரு லிட்டர் மணல் நீருக்குள் சுமார் ஒரு கிலோதான் இழுக்கும். ஐந்தரை லிட்டர் மணலைச் சுமந்தபடி கரணம்போட வேண்டியதுதான். ஒரு கரையின் மணலை இன்னொரு இடத்தில் கொட்டினால் அதிலிருக்கும் உயிர்களும் கூடவே போகும் என்பதைச் சுற்றுச்சூழல் பெயரில் இதைப் பரிந்துரைப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே இரும்புக் குடும்பம். நான் அதிக காலம் பயன்படுத்தியதும் இதையே.

முதலில் பூச்சில்லாத வார்ப்பிரும்பு. கடலின் பக்கமிருந்து பார்த்தால் இதைவிடச் சுத்தமான எடை கிடையாது. தொலைந்துபோனால் துருப்பிடிக்கும், அதன்மேல் ஏதாவது ஒட்டி வளரும், காலப்போக்கில் மண்ணோடு மண்ணாகும். பயன்படுத்துகிறவர் பக்கமிருந்து பார்த்தால் இதைவிட அழுக்கான எடையும் கிடையாது. ஒரே இரவில் செம்பழுப்புத் துரு பூக்கும். வெட்சூட்டின் இடுப்பில், நைலான் பட்டையில், படகின் வெள்ளைத் தளத்தில் கறை. குளத்துக்குக் கொண்டுபோனால் அதைப் பராமரிப்பவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். நன்னீரில் அலசி, துடைத்து, உடனே காயவைத்தால் சமாளிக்கலாம். ஈரத்தோடு பையில் போட்டு மூடுகிற பழக்கம் இருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

அடுத்தது பவுடர் கோட்டிங் செய்த எஃகு. முதல் பருவம் முழுக்கப் பார்க்க அழகாக இருக்கும். பிறகு கதை எப்போதும் மூலையில்தான் தொடங்குகிறது. எங்கோ இடித்த இடத்தில் பூச்சு சில்லாகப் பெயரும்; அந்தத் துளை வழியே உப்புநீர் உள்ளே ஊர்ந்து, பூச்சுக்கு அடியில் துரு பரவி, கொப்புளமாக மேலே வரும். உரித்தால் பட்டை பட்டையாக வருகிற அந்தப் பூச்சும் பிளாஸ்டிக்தான், அதுவும் கடலுக்குத்தான் போகிறது. தடித்த, வளையக்கூடிய ரப்பர் போன்ற பூச்சு இதைவிட நாள்பட நிற்கிறது. துத்தநாகம் பூசிய இரும்பை நான் தவிர்க்கிறேன். துத்தநாகம் தான் கரைந்துதான் இரும்பைக் காக்கிறது, கரைந்த துத்தநாகம் நீர்வாழ் உயிர்களுக்கு நல்லதும் இல்லை.

கடைசியில் நிலைத்தது எவர்சில்வர், அதிலும் மாலிப்டினம் கலந்த 316 ரகம். தனியாக டைவிங்குக்கென்று செய்ததைத் தேடி அலையத் தேவையில்லை. 10 மில்லிமீட்டர் தகட்டில் 10 சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் வெட்டினால் ஏறத்தாழ ஒரு கிலோ. உலோகம் வெட்டும் எந்தப் பட்டறையும் இதைச் செய்துதரும். மூலைகளை வட்டமாக உருட்டச் சொல்லுங்கள், விளிம்புகளைத் தேய்க்கச் சொல்லுங்கள், பட்டை நுழைய 50 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இரண்டு பிளவுகள் வைக்கச் சொல்லுங்கள். விளிம்பு தேய்க்காத தகடு நைலான் பட்டையை அறுத்துவிடும். பிளவு வெட்டிய உலோகம் எடையில் குறையும் என்பதால் நீளத்தை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

எவர்சில்வர் துருவே பிடிக்காது என்று நம்பிவிட வேண்டாம். திறந்த பரப்பில் ஒன்றும் ஆகாது. பட்டை அழுந்தியிருக்கும் இடத்தில்தான் உப்புநீர் சிறைப்பட்டு, ஆக்ஸிஜன் குறைந்து, அந்த இடுக்கில் சிறு குழிகள் விழத் தொடங்கும். பட்டையைக் கழற்றாமல் மாதக்கணக்கில் வைத்த தகட்டில் பழுப்புக் கோடு பட்டையின் அகலத்துக்கே படிந்திருக்கும். அவ்வப்போது உருவி அலசினால் தீர்ந்தது.

ஈயத்திலிருந்து வருகிறவர்களுக்கு உடனே உறுத்தும் வேறுபாடு கடினம். ஈயம் தானே நசுங்கிக்கொடுக்கும். இடுப்பு வளைவுக்குக் கொஞ்சம் வளையவும் செய்யும். எஃகு எதற்கும் வளையாது. தட்டையான இரண்டு கிலோத் தகடு இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால், படகில் அரை மணி நேரம் காத்திருப்பதற்குள் வலி தொடங்கும். அரைக் கிலோ, முக்கால் கிலோத் துண்டுகளாகப் பிரித்து, எலும்பு இருக்கும் இடத்தை விட்டுக் கோத்தால் அந்தத் தொல்லை போய்விடுகிறது. கை தவறி விழுந்தால் தரை ஓடு உடையும், கால் விரலும் உடையும். தகடுகளை வெறுமனே அடுக்கினால் நீருக்குள் ஒவ்வொரு உதைக்கும் கிணுகிணு என்று சத்தம்; பழைய வெட்சூட் துணியில் உறை தைத்துப் போட்டால் அடங்கிவிடும்.

திசைகாட்டியையும் கவனிக்கவேண்டும். சாதாரண எஃகும் வார்ப்பிரும்பும் காந்தத்தை ஈர்ப்பவை. இடுப்புப் பட்டையில் இருக்கும்வரை மணிக்கட்டுத் திசைகாட்டியைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. பிசிடியின் (காற்றூதி மிதப்பைச் சரிசெய்யும் மேலுடுப்பு) முன்பைகளில் இரும்பு, அதன் பக்கத்திலேயே தொங்கும் கன்சோலில் (மானிகள் பொருத்திய பெட்டி) திசைகாட்டி என்றால் முள் விலகும். கலங்கிய நீரில் கரைக்குத் திரும்பும் நேரத்தில் அது விளையாட்டல்ல. 316 ரகம் கிட்டத்தட்டக் காந்தத்தில் ஒட்டாது என்பதால் இந்தச் சிக்கலிலும் அதுவே மேல். வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் உங்களுக்குக் கொடுப்பது என்ன உலோகம் என்று ஓரளவு அங்கேயே தெரிந்துவிடும்.

எஃகுக்குண்டு நிரப்பிய மென்பைகள் உடம்புக்கு இதமானவை, அதை மறுக்கமுடியாது. ஆனால் சாதாரண எஃகுக்குண்டு உப்பு ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பருவத்துக்குள் பை முழுக்க ஒரே கட்டியாக இறுகும். மென்பை வாங்கியதன் நோக்கமே போய்விடும். எவர்சில்வர் குண்டு இறுகாது, விலைதான் கூடுதல். குண்டுகளுக்கு இடையில் காலியிடம் இருப்பதால் பருமனும் கட்டியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும்.

மற்ற உலோகங்களைப் பற்றிச் சுருக்கமாக. பிஸ்மத் அடர்த்தியில் 9.8, ஈயத்துக்கு மிக அருகில், நச்சும் குறைவு. ஆனால் நொறுங்கும் இயல்புடையது, கீழே போட்டால் மூலை உடைந்து போகும். அதோடு உலகில் கிடைக்கும் பிஸ்மத்தில் பெரும்பங்கு ஈயத்தைச் சுத்திகரிக்கும்போது துணைப்பொருளாக வருவது. ஈயத்தைத் தவிர்க்க ஈய ஆலையின் வாசலுக்கே போவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டங்ஸ்டன் 19.3, அதன் பொடியை பிளாஸ்டிக்கில் குழைத்து ஈயத்தின் அதே அடர்த்திக்குக் கொண்டுவரமுடியும். தூண்டில் எடையில் சில கிராமுக்கு அது கட்டுப்படியாகும், கிலோக் கணக்கில் கட்டுபவருக்கு ஆகாது. பித்தளையைப் பார்த்து மயங்கவேண்டாம். கடைசலுக்கு எளிதாக இருக்கவேண்டும் என்று பல பித்தளை ரகங்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஈயமே கலந்திருக்கிறது. மீதியில் பெரும்பகுதி செம்பு. அதன் கசிவு கடலின் முதுகெலும்பில்லாச் சிற்றுயிர்களுக்கு ஆகாது.

பூச்சிட்ட ஈயத்தை மாற்று என்று விற்கிறார்கள். கையில் பொடி ஒட்டாது என்ற அளவில் வெறும் ஈயத்தைவிட நல்லதுதான், குளத்துக்கும் பரவாயில்லை. பூச்சு கிழிந்த அன்று அது மறுபடியும் வெறும் ஈயம். கிழிந்ததைத் தூக்கிப் போடுபவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது அந்த மறுபாதிக் கேள்வி. என் பட்டையில் இன்று இருக்கும் எவர்சில்வர், நான் முன்பு கட்டிய ஈயத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உடம்பு மாறவில்லை, கடலும் மாறவில்லை.

பெரிய மாற்றம் பேக்பிளேட், அதாவது சிலிண்டரை முதுகில் தாங்கும் உலோகத் தகடு. மென்மையான பிசிடியின் முதுகுத் திண்டில் இருக்கும் பஞ்சும் மடிப்புத் துணியும் தாமே மிதப்பவை. அந்த மிதப்பை அமிழ்த்தவே ஒன்றிரண்டு கிலோ ஈயம் கட்டிக்கொண்டிருக்கிறோம். மூன்று மில்லிமீட்டர் எவர்சில்வர் பேக்பிளேட் சுமார் இரண்டரை கிலோ. அது எப்படியும் சிலிண்டரைத் தாங்க வேண்டிய ஒரு பாகம், எடையாகவும் வேலை செய்கிறது. நுரையீரலுக்கு நேர் பின்னே உட்காருவதால் கால் தொங்குவதும் குறைகிறது. இடுப்புப் பட்டை எடை எப்போதும் கீழ்முதுகை இழுத்து நம்மைச் சாய்வாக நிறுத்தும். சாய்வாக நீந்துகிறவரின் கால் துடுப்புதான் பவளத்தை உடைக்கிறது, மணலைக் கிளப்புகிறது. சூழல் பாதுகாப்பு என்று பார்த்தால் எடையின் உலோகத்துக்கு இணையாக அது இருக்கும் இடமும் கணக்கில் வருகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது சிலிண்டர். வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் நிறைந்திருக்கும்போது மூழ்கும், காலியாகும்போது ஏறத்தாழ 2 கிலோ அளவுக்கு மிதக்கும். டைவின் முடிவில் வரப்போகும் அந்த மிதப்புக்காகவே தொடக்கத்திலிருந்து கூடுதல் எடையைச் சுமக்கிறோம். 12 லிட்டர் எஃகு சிலிண்டர் காலியானாலும் பொதுவாக மிதப்பதில்லை. எஃகு சிலிண்டர் கிடைக்கும் இடங்களில் அதைக் கேட்டு வாங்குகிறேன். பட்டையிலிருந்து இரண்டு கிலோ அப்படியே இறங்கிவிடுகிறது.

மூன்றாவது செலவே இல்லாதது, எடைச் சோதனை. சிலிண்டரில் 50 பார் அழுத்தத்தில் காற்று மட்டும் மீதமிருக்கும்போது, பிசிடியை முழுக்கக் காலிசெய்து, 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நின்றால் எடை சரி. நிற்கப் பிசிடிக்குள் காற்று ஊதவேண்டியிருந்தால் எடை அதிகம். புதியவர்களுக்குப் பயிற்சியின்போது தாராளமாகக் கட்டிவிடுகிறார்கள், பதற்றத்தில் மூச்சை முழுக்க விடாதவருக்கு அது தேவையும்கூட. பதற்றம் அடங்கியும் அந்த எடை அப்படியே ஆண்டுக்கணக்கில் தொடர்வதுதான் வினோதம். வெட்சூட்டும் பழகப் பழக அமுங்கி மிதப்பை இழக்கிறது. பழைய சூட்டுக்குப் புதுசின் எடையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் ஏராளம். நன்னீரில் இறங்கினால் இன்னும் குறையும்: சாமானோடு 100 கிலோ இருப்பவருக்குக் கடலுக்கும் ஏரிக்கும் சுமார் இரண்டரை கிலோ வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். எடையை எல்லாம் பேக்பிளேட்டிலும் சிலிண்டரிலும் போட்டுவிட்டு, கழற்றி எறிய ஒன்றுமே இல்லாமல் இறங்காதீர்கள். ஆழத்தில் வெட்சூட் அமுங்கி, பிசிடியும் கிழிந்துவிட்டால், கால் உதைத்து மேலே வர முடியவேண்டும். அதற்குக் கணக்குப் பார்த்து, ஒரு பகுதி எடையைக் கையால் இழுத்தால் விழும்படி வைத்திருக்கிறேன். ஆபத்து நேரத்தில் அது ஈயமா எவர்சில்வரா என்று யோசிக்கக்கூடாது, இழுத்து விட்டுவிடவேண்டும்.

ஆனால் கடலடியில் கிடக்கும் எடைகள் எல்லாமே ஆபத்தில் எறிந்தவை அல்ல. தேய்ந்த வெல்க்ரோ, சரியாகச் சொருகாத பை, படகிலிருந்து குதிக்கும்போது திறந்துகொள்ளும் பூட்டு என்று தானாக விழுந்தவையும் நிறைய. என்னிடம் இருந்த ஒரு பிசிடியின் எடைப்பை வெல்க்ரோவை மட்டுமே நம்பிச் செய்யப்பட்டது. இரண்டு பருவத்தில் பிடி தளர்ந்து, பையோடு எடை போய்விட்டது. 'டக்' என்று சொருகும் ஓசை கேட்கிற, பூட்டியிருப்பது கூட்டாளியின் கண்ணுக்கும் தெரிகிற பக்கிள் உள்ள பைக்கு மாறியபின் ஒன்றுகூடத் தொலையவில்லை. மாற்று எடை வடிவமைக்கிறவர்கள் அடர்த்தி அட்டவணையில் செலவிடும் நேரத்தில் பாதியைப் பூட்டுக்குக் கொடுத்தால் பலன் அதிகம். கூடவே ஒரு வேண்டுகோள்: இன்று விற்கும் எடைப்பைகள் ஈயத்தின் அளவுக்குத் தைத்தவை. எஃகு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடம் கேட்கும். இரண்டு விரல் அகலம் கூட்டித் தைத்தாலே போதும், பாதிப் பேர் மாறிவிடுவார்கள்.

செலவு விஷயத்தில் ஈயத்தை எவர்சில்வர் வெல்லவே முடியாது. ஆனால் 6 கிலோவுக்குப் பதில் 2 கிலோதான் வாங்குகிறீர்கள் என்றால் அடி அவ்வளவு பலமாக விழாது. குறைந்த செலவில் மாறவேண்டுமானால் ரப்பர் பூச்சிட்ட வார்ப்பிரும்பு, குளத்திலேயே பெரும்பாலும் பயிற்சி தருபவருக்குப் பூச்சிட்ட ஈயம்கூட இடைக்கால ஏற்பாடாகச் சரி. உலர் உடை (நீர் உள்ளே புகாத உடை) அணிந்து குளிர்நீரில் 10 கிலோவுக்கு மேல் கட்டுபவர்களுக்குப் பட்டையில் கோக்கும் எஃகு மட்டும் போதாது. அவர்கள் ஆறு மில்லிமீட்டர் பேக்பிளேட்டையும் எஃகு சிலிண்டரையும் முதலில் பார்க்கட்டும்.

கழற்றிய பழைய ஈயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், அதனால் வீட்டு அடுப்பிலேயே உருக்கி வேறு அச்சில் வார்க்கலாம் என்று ஆசை வரும். உருக்கும் இடத்தில் எழும் புகையும், மேலே திரளும் கசட்டை வழிக்கும்போது பறக்கும் தூசியும் பல ஆண்டு டைவிங்கில் கையில் ஒட்டியதைவிட அதிகம் உள்ளே போகும். ஈரமான கட்டியை உருகிய ஈயத்தில் போட்டால் நீர் ஆவியாகி, உலோகம் முகத்தில் தெறிக்கும். குப்பையிலும் போடக்கூடாது. முறையாக உரிமம் பெற்று பேட்டரி ஈயத்தை மறுசுழற்சி செய்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். குண்டுப் பைகளைப் பிரிக்காமல், இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோகவேண்டும். அவை கிடந்த டைவ் பையின் அடியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அதே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.